ஐந்தாண்டு பி.ஏ., எல்.எல்.பி.யா, முதலில் பி.ஏ. வரலாறா?

கேள்வி: என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள், காமர்ஸ் குரூப். வரலாறு என்றால் அவளுக்கு உயிர். வக்கீலாக வேண்டும் என்றும் சொல்கிறாள். ஐந்தாண்டு பி.ஏ., எல்.எல்.பி.யில் சேர்த்தால் இரண்டையும் படித்த மாதிரி ஆகும் என்கிறார்கள். அவள் பெரியப்பாவோ, பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு அப்புறம் மூன்றாண்டு சட்டம் படிப்பதுதான் உருப்படியான வழி என்கிறார். எதை நம்புவது?

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். பிளஸ் டூவுக்குப் பிறகு நேராகச் சேர்ந்தால் ஐந்து ஆண்டு. பி.ஏ. மூன்று, சட்டம் மூன்று என்று போனால் ஆறு. வித்தியாசம் ஒரே ஓர் ஆண்டுதான். பார் கவுன்சிலில் வக்கீலாகப் பதிவு செய்யும்போது இரண்டு வழிக்கும் ஒரே மதிப்பு; 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் இரண்டையும் வேறுபடுத்துவதில்லை. நீதிமன்றத்தில் எழுந்து நின்று வாதாடும்போதும், நீங்கள் ஐந்தாண்டா மூன்றாண்டா என்று எந்த நீதிபதியும் கேட்டதாக நான் பார்த்ததில்லை. உச்ச நீதிமன்றத்திலேயே இரு வகையும் உண்டு. தலைமை நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற டி.ஒய். சந்திரசூட் டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் பொருளாதாரமும் கணிதமும் படித்துவிட்டு அப்புறம் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டு சட்டம் படித்தவர். பொள்ளாச்சிக்காரரான நீதிபதி கே.வி. விஸ்வநாதன் கோவை சட்டக் கல்லூரியில் ஐந்தாண்டுப் படிப்பு படித்து 1988இல் பதிவு செய்தவர்.

ஆகவே எது பெரிய பட்டம் என்பதை விட்டுவிடுங்கள். ஐந்தாண்டுப் படிப்புக்குள் இருக்கும் அந்த பி.ஏ.வில் என்ன இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். "இரண்டையும் படித்த மாதிரி" என்று உங்களிடம் சொன்னவர்கள் பாடத்திட்டத்தைத் திறந்து பார்த்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகமே.

இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள்தான் நாடு முழுக்கப் பாடத்திட்டத்துக்கு அடித்தளம். கட்டாயச் சட்டத் தாள்கள் 20, அதற்கு மேல் விருப்பத் தாள்கள், வரைவு எழுதுதல், தொழில் நெறி, மாதிரி நீதிமன்றம் போன்ற செய்முறைத் தாள்கள் 4. ஆனர்ஸ் என்றால் இன்னும் 8 தாள்கள் கூடும். இவற்றோடு அரசியல் அறிவியல், பொருளாதாரம், சமூகவியல், வரலாறு, ஆங்கிலம் ஆகியவற்றில் ஒன்றை முதன்மையாகவும் மற்றவற்றைத் துணையாகவும் வைத்துக் கலைப் பாடங்கள் வரும். காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் பெரும்பாலான இடங்களில் முதன்மைப் பாடம் அரசியல் அறிவியல். வரலாறு என்பது இரண்டு மூன்று தாள்களோடு முடிந்துவிடும், அதுவும் முதல் இரண்டு ஆண்டுகளில். மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது உங்கள் மகள் முழுக்க முழுக்கச் சட்டத்துக்குள் போயிருப்பாள். பி.ஏ. வரலாற்றில் பத்துக்கு மேல் தாள்கள் வரலாற்றிலேயே இருக்கும். இரண்டும் ஒன்று என்று சொல்வது சரியல்ல.

அடுத்தது பலருக்கும் தெரியாத விஷயம், சேர்ந்த பிறகு தெரிந்தால் அழுகை வரும். ஐந்தாண்டுப் படிப்பில் நடுவில் இறங்க வழி கிடையாது. மூன்று ஆண்டு முடித்துவிட்டு, "சட்டம் எனக்கு ஒத்துவரவில்லை, பி.ஏ. பட்டத்தை மட்டும் கொடுங்கள், போய்விடுகிறேன்" என்று கேட்க முடியாது. ஒருங்கிணைந்த படிப்பைப் பிரித்து இடையில் பட்டம் தருவதை அதே 2008 விதிகள் தடை செய்கின்றன. பட்டதாரி ஒருவர் நேரே மூன்றாம் ஆண்டில் வந்து சேரவும் முடியாது. ஐந்து ஆண்டும் முடித்தால் உண்டு, இல்லையென்றால் கையில் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல்தான். பதினேழு வயதில் எடுக்கும் முடிவுக்கு இது கொஞ்சம் கடுமையான நிபந்தனை. மூன்று பிளஸ் மூன்று வழியில் இந்தப் பயமே இல்லை. பி.ஏ. முடிக்கும்போது மனம் மாறியிருந்தால் எம்.ஏ., பி.எட்., யு.பி.எஸ்.சி. என்று எந்தப் பக்கமும் திரும்பலாம். பெரியப்பா சொல்வதில் நியாயம் இருப்பது இங்கேதான்.

சரி, சட்டத்துக்கும் வரலாற்றுக்கும் உண்மையிலேயே தொடர்பு இருக்கிறதா, அல்லது பிள்ளையின் ஆசைக்காகச் சேர்த்துவைத்துப் பேசுகிறோமா? நிறையவே இருக்கிறது. அதுவும் தமிழ்நாட்டில் வக்கீல் தொழில் செய்யப் போகிறவளுக்கு.

சண்பகம் துரைராஜன் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைய சென்னை மாகாணத்தில் மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடத்துக்கும் வகுப்புவாரியாக ஒரு பங்கீடு இருந்தது. பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. இதை எதிர்த்த வழக்கில் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த அரசாணை செல்லாது என்றது. ஜூன் மாதமே அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்து, பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசுக்கு இடம் தரும் 15(4) உறுப்பு சேர்க்கப்பட்டது. சட்ட மாணவர் இந்த உறுப்பு எண்களை மனப்பாடம் செய்து தேர்வெழுதிவிடுவார். 1916இன் பிராமணரல்லாதார் அறிக்கை, நீதிக்கட்சி ஆட்சி, 1921இல் தொடங்கும் வகுப்புவாரி அரசாணைகள் இவையெல்லாம் தெரிந்தவருக்கு அந்த 14 இடக் கணக்கு எங்கிருந்து முளைத்தது என்பது புரியும். இட ஒதுக்கீட்டு வழக்கில் வாதத்தைக் கட்டும்போது இவர் ஒரு படி முன்னால் நிற்பார்.

புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றிச் செய்துகொள்ளும் சுயமரியாதைத் திருமணம் இன்னொன்று. தெய்வானை ஆச்சி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 1953இல் அப்படிப்பட்ட திருமணம் செல்லாது என்றது. 1967இல் அண்ணா ஆட்சிக்கு வந்ததும் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்து அதைச் செல்லும்படி ஆக்கினார்கள். இது பழைய கதை என்று நினைத்துவிடாதீர்கள். அந்தத் திருமணத்தை ஊரறியப் பகிரங்கமாக நடத்தியாக வேண்டுமா என்ற கேள்வி மறுபடியும் உச்ச நீதிமன்றம் வரை போய், தேவையில்லை என்று 2023 ஆகஸ்டில்தான் தீர்ந்தது. மாலை மாற்றுவதில் இருந்த அரசியல் புரியாதவருக்கு 7ஏ பிரிவு நான்கு வரி, அவ்வளவுதான்.

உச்ச நீதிமன்ற வழக்குகளை விடுங்கள், முன்சீப் கோர்ட்டுக்கு வாருங்கள். பாகப்பிரிவினை வழக்கு இல்லாத சிவில் வக்கீல் நம் ஊரில் கிடையாது. மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்ற திருத்தம் தமிழ்நாட்டில் 25.3.1989 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தத் தேதிக்கு முன் திருமணமானவர்களுக்கு அப்போது அது பொருந்தவில்லை. மத்திய அரசின் திருத்தம் வந்தது 2005இல். இதன் விளக்கம் 2020இல் உச்ச நீதிமன்றத்தின் வினீதா சர்மா தீர்ப்பு வரை நீண்டது. ஒரே வீட்டில் அக்காவுக்கு ஒரு நிலை, தங்கைக்கு ஒரு நிலை என்று வழக்குகள் வந்ததற்கு இந்தத் தேதிகள்தான் காரணம். நிலத் தகராறு என்றால் கேட்கவே வேண்டாம். மூலப்பத்திரத்தை எடுத்தால் ஜமீன், இனாம், ரயத்துவாரி என்று பழைய நில உரிமை முறைகளின் பெயர்கள் வரும். 1948இன் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்கு முன் அந்த நிலம் யாருடையது, அப்புறம் பட்டா யாருக்குப் போனது என்று தொடர்ந்து பார்க்கத் தெரிந்தால்தான் உரிமையை நிரூபிக்க முடியும். எங்கள் அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளில், பழைய ஆவணத்தைப் பொறுமையாக உட்கார்ந்து படிக்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் வரலாறோ தமிழோ படித்துவிட்டு வந்தவர்கள். எம்.எஸ்சி. படித்துவிட்டு வந்தும் அருமையாகப் படிக்கிற ஒருவர் இருக்கிறார், அது வேறு விஷயம்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாண்டுப் படிப்பிலும் நல்ல கலைப் படிப்பு கிடைக்கும் இடங்கள் இருக்கின்றன. பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி 1988இல் முதல் அணியைச் சேர்த்தபோது, அதன் முதல் இயக்குநர் மாதவ மேனனின் எண்ணமே சட்டத்தைச் சமூக அறிவியலோடு சேர்த்துப் படிக்க வைப்பதுதான். அந்த மாதிரி இடங்களில் வரலாற்றுக்கும் சமூகவியலுக்கும் அந்தத் துறையிலேயே ஆய்வு செய்த ஆசிரியர்கள் இருப்பார்கள், மாணவர்கள் ஒவ்வொரு தாளுக்கும் ஆய்வுக் கட்டுரை எழுதியாக வேண்டும். அங்கே இரண்டு தாள் வரலாறு படிப்பது, சுமாரான கல்லூரியில் ஆறு தாள் படிப்பதை விட மேலாக இருக்கலாம். ஆகவே ஒரு கல்லூரியை எடைபோட ஒரு கேள்வி போதும்: வரலாறு யார் எடுக்கிறார்கள்? வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்ற முழுநேர ஆசிரியரா, அல்லது கௌரவ விரிவுரையாளர் வந்து நோட்ஸ் கொடுத்துவிட்டுப் போகிறாரா? இரண்டாவது பதில் வந்தால், அந்த பி.ஏ. பெயருக்கு ஒட்டிய லேபிள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு கிளாட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். நம் மாநிலத்தில் திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகமும் இதில் அடக்கம். 120 கேள்விகள், இரண்டு மணி நேரம், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழிப்பார்கள், தேர்வு ஆங்கிலத்தில் மட்டும். சட்டம் முன்பே தெரிந்திருக்க வேண்டியதில்லை. நீளமான பத்திகளைப் படித்துப் புரிந்து விடை சொல்ல வேண்டும். வரலாற்றுப் புத்தகம் விரும்பிப் படிக்கிறவளுக்கு இது சாதகம். கவனிக்க வேண்டியது, இந்தத் தேர்வு சில ஆண்டுகளாக டிசம்பரில் நடக்கிறது, அதாவது பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கு முன்பே. விண்ணப்பம் அதற்கும் சில மாதங்கள் முன்பு. ரிசல்ட் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் ஓர் ஆண்டு போய்விடும். டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் ஐலெட் என்று தனித் தேர்வு நடத்துகிறது.

தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கதை வேறு. சென்னையில் அதன் சீர்மிகு சட்டப் பள்ளிக்கும், மதுரை, திருச்சி, கோவை, நெல்லை, வேலூர், சேலம், தேனி என்று மாவட்டங்களில் இருக்கும் அரசு சட்டக் கல்லூரிகளுக்கும் நுழைவுத் தேர்வு கிடையாது. ஐந்தாண்டுக்கு பிளஸ் டூ மதிப்பெண், மூன்றாண்டுக்குப் பட்டப்படிப்பு மதிப்பெண், 69 சதவீத இட ஒதுக்கீடு. பிளஸ் டூவில் எந்த குரூப் என்பதும் தடையில்லை. கட்டணத்தைப் பொறுத்தவரை அரசு சட்டக் கல்லூரிக்கும் தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது; பின்னதில் ஆண்டுக்கு லட்சக் கணக்கில் ஆகும். கடன் வாங்கிப் படிக்க வைக்க நினைத்தால், படிப்பு முடிந்ததும் எங்கே போகப் போகிறாள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். பெரிய கார்ப்பரேட் சட்ட நிறுவனங்கள் வளாகத் தேர்வுக்கு முதலில் போவது முன்னணி தேசியப் பல்கலைக்கழகங்களுக்குத்தான். அந்த வேலைதான் குறி என்றால் ஐந்தாண்டு வழிக்குத் தெளிவான பலன் உண்டு. கோர்ட்டில் ஜூனியராகச் சேர்வதென்றால் முதல் சில ஆண்டுகள் வருமானம் சொற்பம். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற இடங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சம் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் சொன்னது. எல்லா சீனியரும் தருகிறார்களா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

நீதிபதி தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால் இதையும் குறித்துக்கொள்ளுங்கள். சிவில் நீதிபதிப் பணிக்கு மூன்று ஆண்டு வக்கீல் தொழில் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மீண்டும் கட்டாயமாக்கிவிட்டது. படித்து முடித்த கையோடு தேர்வெழுதி நீதிபதியாகும் குறுக்குவழி இனி இல்லை. ஆக, ஐந்தாண்டு படித்தால் எட்டாவது ஆண்டில், ஆறாண்டு படித்தால் ஒன்பதாவது ஆண்டில் அந்தத் தகுதி வரும். அதே ஓர் ஆண்டு வித்தியாசம்தான். இரு வழியிலும், தொழில் செய்வதற்கு அகில இந்திய பார் தேர்வு என்ற தகுதித் தேர்வையும் தாண்டியாக வேண்டும், அது பெரிய மலை இல்லை.

வேறொரு யோசனையும் யாராவது சொல்வார்கள்: ஒரு கல்லூரியில் சட்டம், இன்னொன்றில் பி.ஏ. வரலாறு என்று ஒரே நேரத்தில் படிக்கலாமே, பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் அனுமதி கொடுத்துவிட்டதே என்று. மானியக் குழு கொடுத்தது உண்மை. ஆனால் சட்டப் படிப்புக்கு பார் கவுன்சில் விதிதான் பேசும், அது இரண்டு முறையான படிப்புகளில் ஒரே சமயம் பதிவு செய்வதைத் தடுக்கிறது. தொலைநிலைப் படிப்புக்கும் மொழி, கணினி போன்ற குறுகிய சான்றிதழ்ப் படிப்புகளுக்கும் விலக்கு உண்டு. தலைகீழாக, சட்டத்தைத் தொலைநிலையில் படிப்பது செல்லவே செல்லாது. வகுப்புக்கே வர வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும் என்று வெளிமாநில லெட்டர்பேடு கல்லூரிகளுக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்டுகள் இன்னும் சுற்றுகிறார்கள், கிட்டேயே சேர்க்காதீர்கள்.

பி.ஏ.வைத் தனியாகப் படிப்பதில் இன்னொரு ஆதாயம், வரலாற்றுக் கதவு திறந்தே இருக்கும். பள்ளியில் வரலாற்று ஆசிரியராகப் போக பி.ஏ. வரலாறும் பி.எட்.டும் வேண்டும், பி.ஏ., எல்.எல்.பி. அதற்கு ஈடாகாது. சில பல்கலைக்கழகங்கள் எம்.ஏ. வரலாற்றுக்கும் இளநிலையில் அந்தப் பாடத்தையே கேட்கும். யு.பி.எஸ்.சி.க்கு மட்டும் இரண்டும் ஒன்றுதான், ஏதாவது ஒரு பட்டம் போதும். மொழி விஷயத்திலும் பி.ஏ. உதவும். உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலம், கீழமை நீதிமன்றங்களில் தமிழ். இரண்டிலும் பிழையில்லாமல் ஒரு பக்கம் எழுதத் தெரிந்த ஜூனியரை எந்த சீனியரும் விடமாட்டார். நல்ல கலைக் கல்லூரியில் மூன்று ஆண்டு கட்டுரை எழுதிப் பழகியவளுக்கு அது கைவந்துவிடும்.

இப்போது உங்கள் மகளுக்கு என் யோசனை. வக்கீல்தான் என்று அவள் தெளிவாக இருந்து, நல்ல தேசிய சட்டப் பல்கலைக்கழகமோ சீர்மிகு சட்டப் பள்ளியோ கிடைத்தால் ஐந்தாண்டில் சேருங்கள்; வரலாற்றை அங்கே நூலகத்திலும் ஆய்வுக் கட்டுரையிலும் அவளே வளர்த்துக்கொள்ளட்டும். ஊருக்குப் பக்கத்து அரசு சட்டக் கல்லூரியில் ஐந்தாண்டு இடம் கிடைத்தாலும் தவறில்லை, செலவு குறைவு. ஆனால் கையில் இருப்பது பெயர் தெரியாத தனியார் கல்லூரியில் பெரும் கட்டணத்தோடு ஓர் இடம் மட்டும் என்றால், வேண்டாம். நல்ல அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியில் பி.ஏ. வரலாறு படிக்கட்டும், நல்ல மதிப்பெண் எடுக்கட்டும், அப்புறம் அரசு சட்டக் கல்லூரியில் மூன்றாண்டு. கொஞ்சமாவது குழப்பத்தில் இருந்தாலும் இதே பதில்தான். பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியே 2022 முதல் பட்டதாரிகளுக்கு மூன்றாண்டு எல்.எல்.பி. ஆனர்ஸ் நடத்துகிறது, ஆகவே பி.ஏ. எடுத்தால் பெரிய இடங்களின் கதவு மூடிவிடும் என்ற பயம் வேண்டாம். காமர்ஸ் குரூப் என்பதற்காக யாராவது பி.காம்., எல்.எல்.பி. பக்கம் தள்ளினால் கேட்காதீர்கள். கணக்கியலில் ஆசை இல்லாத பிள்ளைக்கு அது வெறும் சுமை.

நடைமுறையாக ஒன்று. கலைக் கல்லூரிகளில் சேர்க்கை பிளஸ் டூ முடிவு வந்ததும் வேகமாக முடிந்துவிடும், சட்டக் கலந்தாய்வு பெரும்பாலும் அதற்குப் பின்னால்தான். ஆகவே பி.ஏ.வுக்கும் சட்டத்துக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள். பி.ஏ.வில் முதலில் சேர்ந்துவிட்டு, பிடித்த சட்டக் கல்லூரி கிடைத்தால் மாறிக்கொள்ளலாம். அப்படிச் சேரும்போது கட்டண ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, மாற்றுச் சான்றிதழையும் அசல் மதிப்பெண் பட்டியலையும் திரும்ப வாங்க எத்தனை நாள் ஆகும் என்று அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.